கட்டும் ஆணியும்: சிறு பாய்க்கலங்களின் கழற்றக்கூடிய உறுப்புகள் பற்றிச் சில குறிப்புகள்

தமிழரின் கடல்சார் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் பெருங்கலங்களையே நோக்கினர். 1025 ஆம் ஆண்டளவில் முதலாம் இராசேந்திரனின் படை ஸ்ரீவிஜயத்தின் மீது சென்றமை பற்றிப் பக்கம் பக்கமாக எழுதப்பட்டுள்ளது. நாள்தோறும் கடலுக்குச் சென்று மீண்ட சிறு பாய்க்கலத்தின் மரமும் பாயும் பலகையும் எவ்வாறு பொருத்தப்பட்டன, எவ்வாறு கழற்றப்பட்டன என்ற வினாவோ அரிதாகவே எழுப்பப்பட்டது. தொழினுட்பத்தின் விமர்சனபூர்வமான வரலாறு இன்னும் எழுதப்படவில்லை என 1867 இல் வெளிவந்த 'மூலதனம்' முதற் பாகத்தில் மார்க்ஸ் குறிப்பிட்டார். எமது கடற்கரையைப் பொறுத்தவரை அக்குறை இன்றும் நீங்கவில்லை.

இலக்கியச் சான்றிலிருந்தே தொடங்குவோம். உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியைப் பாடிய புறநானூற்று 30 ஆம் பாடலில், பாய்மரத்தையும் மேற்பாயையும் அகற்றாமலும், மேற்பாரத்தைக் குறைக்காமலும் புகார் முகத்துள் நுழைந்த பெருங்கலம் ஒன்று பேசப்படுகின்றது. துறையின் ஆழத்தையும் அரசனின் வளத்தையும் உணர்த்தவே புலவர் இதனைக் கூறினார். ஆனால் எதிர்மறையிற் கூறப்படுவது வழமையை மறைமுகமாகக் காட்டிவிடுகின்றது. அகற்றாமை சிறப்பாயின், அகற்றுதலே பொதுநிலை என்பது தெளிவு. அதாவது, பாய்மரம் கழற்றக்கூடிய உறுப்பாக இருந்தது. கழற்றும் உழைப்பு கரையணையும் ஒவ்வொரு முறையும் நிகழ்ந்தது. பெருங்கலத்தின் பெருமை பாடலாயிற்று. அவ்வுழைப்பு அப்பாடலின் நிழலில் நின்றுவிட்டது.

இவ்வுழைப்பின் தன்மையைக் கட்டுமரத்தில் நன்கு காணலாம். இதன் பெயரே இதன் தொழினுட்பத்தைச் சொல்கின்றது. பாரமற்ற மரங்கள் கயிற்றாற் பிணைக்கப்படுகின்றன. பாய்மரமும், காற்றுக் கலத்தைப் பக்கவாட்டில் தள்ளாதவாறு நீரில் இறக்கப்படும் பலகையும் வேண்டியபோது பொருத்தப்பட்டு, வேண்டாதபோது எடுக்கப்படுகின்றன. கரைசேர்ந்ததும் கட்டு அவிழ்க்கப்பட்டு மரங்கள் மணலில் உலர்த்தப்படுகின்றன. நீரூறிய மரம் மிதக்கும் ஆற்றலை இழக்குமாதலால் இது இன்றியமையாதது. துறைமுகமற்ற திறந்த கரையில், அலை தூக்கியெறியும் கலத்தின் இறுகிய மூட்டு அதிர்ச்சி முழுவதையும் தானே தாங்கவேண்டும். கயிற்றுக் கட்டோ சற்று நெகிழ்ந்து அதிர்ச்சியைப் பகிர்ந்துகொள்ளும்.

இலங்கையின் மேற்கு, தெற்குக் கரைகளில் வழங்கிய 'ஒருவ' என்னும் பாய்த்தோணி மற்றொரு சான்றாகும். இதன் மிதவைக்கட்டை வளைந்த இரு கம்புகளால் தோணியோடு பிணைக்கப்படும். ஓரப்பலகைகள் கயிற்றால் தைக்கப்படும். மிதவை எப்போதும் காற்று வரும் பக்கத்திலேயே இருக்கவேண்டுமாதலால், திசைமாறும்போது தோணியைத் திருப்புவதில்லை, பின்புறமே அணியமாகின்றது. பாயும் சுக்கானும் அதற்கேற்ப இடம் மாற்றப்படுகின்றன. இங்கு கழற்றிப் பூட்டுதல் கரையில் மட்டுமன்றி நடுக்கடலிலும் நிகழும் தொழிலாகும். இலங்கையைச் சூழ்ந்த கடலில், ஒடுங்கிய வழிகளில் திரும்பவேண்டாதபடி இரு முனையிலும் அணியமுடைய கலங்கள் உள்ளன எனக் கி. பி. முதலாம் நூற்றாண்டில் உரோமானிய அறிஞர் பிளினி எழுதியமை இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

ஆணியின்றிக் கட்டியமைக்குக் காரணம் யாது? ஆறாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் புறொக்கோப்பியஸ், கடலிலுள்ள காந்தப் பாறைகள் இரும்பை ஈர்க்கும் என்ற கதையை மறுத்தார். அவ்வளவில் அவர் பாராட்டுக்குரியவர். ஆயின், இந்தியரிடம் இரும்பு இல்லாமையே காரணம் என அவர் தந்த விளக்கம் பொருந்தாது. ஆதிச்சநல்லூர்ப் புதைகுழிகளில் இரும்புக் கருவிகள் கிடைத்துள்ளன. இலங்கையில் சமனலவெவப் பகுதியில், ஏழாம் நூற்றாண்டு தொடக்கம் பதினோராம் நூற்றாண்டு வரை பருவக்காற்றால் இயங்கிய இரும்புலைகள் இருந்தமையை 1996 இல் வெளியான அகழாய்வு முடிவுகள் நிறுவின. உலையை ஊதிய காற்றே தோணியையும் செலுத்திய நாட்டில், 'இரும்பில்லை' என்பது விடையாகாது.

அதேவேளை கட்டை வெறும் அறிவுத்திறனாகப் போற்றுவதும் ஒருபக்க நோக்கே. ஆணியை விலைகொடுத்து வாங்கவேண்டும். கயிற்றைக் கரையிலேயே திரிக்கலாம். பொச்சுமட்டையை மாதக்கணக்கில் நீரில் ஊறவைத்து, அடித்துத் தும்பாக்கித் திரித்தவர்களுட் பெரும்பாலோர் குறைந்த கூலி பெற்ற பெண்கள். கயிறு உக்கும், மீண்டும் மீண்டும் புதுப்பிக்கப்படவேண்டும். எனவே கட்டு என்பது இயற்கை நிலைமைக்கும், முதலற்ற உற்பத்தியாளனின் பொருளியல் நிலைமைக்கும் ஒருசேர அளிக்கப்பட்ட விடையாகும். இவ்விடையைத் தமிழ்க் கடற்றொழிலாளரும் சிங்களக் கடற்றொழிலாளரும் தத்தம் கரைகளிற் கண்டனர் என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

'கட்டுமரம்' என்னும் சொல் ஐரோப்பிய மொழிகளிற் புகுந்து, இன்று இரட்டையுடற் படகைக் குறிக்கின்றது. இது கொண்டு தமிழ்ப் பெருமை பேசுவோர் உளர். சொல் எம்முடையது, இன்றைய படகின் வடிவமோ பசுபிக் தீவு மக்களுக்குப் பெரிதும் கடன்பட்டது. 1876 இல் நியூயோர்க்கில் போட்டியிட்ட ஹெறஷொவின் 'அமரில்லிஸ்' இரட்டையுடற் படகு நெகிழும் மூட்டுகளைக் கொண்டிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரித்தானிய வடிவமைப்பாளர் ஜேம்ஸ் வாறம் தம் படகுகளின் குறுக்குமரங்களை ஆணிக்குப் பதிலாகக் கயிற்றாற் பிணைத்தார். அப்பிணைப்பின் நெகிழ்வு சிறந்த பொறியியலாக மதிக்கப்பட்டது. ஓய்வுநேரப் படகில் அறிவு எனப்படுவது, உழைப்பாளியின் படகில் வறுமை எனப்பட்டது. இவ்வேறுபாடு கயிற்றில் இல்லை. வர்க்க நோக்கில் உள்ளது.

வெளியிணைப்பு இயந்திரமும் கண்ணாடியிழைப் படகும் பரவியதோடு பாய்க்கலம் பின்தள்ளப்பட்டது. 2004 ஆம் ஆண்டுக் கடற்கோளின் பின்னர் இம்மாற்றம் மேலும் விரைவுபெற்றது. உழைப்பின் சுமையைக் குறைத்த மாற்றத்தைப் பழமைப் பற்றால் நாம் எதிர்க்க வேண்டியதில்லை. ஆனால் கட்டும் முறையோடு, ஒவ்வொரு முடிச்சுக்கும் பலகைக்கும் கம்புக்கும் உரிய பெயர்களும் மறைகின்றன. அரசனைப் பாடிய பாடலுக்கு உரையும் பதிப்பும் உண்டு. பாய்மரத்தைக் கழற்றியவனின் சொற்களுக்கு அகராதி இல்லை. அச்சொற்கள் அறிந்த முதியோர் இன்னும் எம் கரைகளில் வாழ்கின்றனர். அவர்களிடம் சென்று கேட்டெழுதுதல் தமிழாய்வின் உடனடிக் கடமையாகும்.