ஒரே பிளாட்பாரம், இரண்டு போலீஸ்

எழும்பூர் ஸ்டேஷனில் அடுத்த முறை ரயிலுக்குக் காத்திருக்கும்போது கவனித்துப் பாருங்கள். ஒரே பிளாட்பாரத்தில் இரண்டு வகைக் காக்கி நடமாடும். ஒன்று மத்திய அரசின் ரயில்வே பாதுகாப்புப் படை, அதாவது ஆர்.பி.எஃப். மற்றொன்று தமிழ்நாடு அரசின் இருப்புப்பாதைக் காவல்துறை, ஜி.ஆர்.பி. என்பார்கள். ‘ரெண்டும் போலீஸ்தானே, எதுக்கு ரெண்டு?’ என்று நானும் வெகுநாள் யோசித்ததுண்டு. பழைய சட்டங்களைப் புரட்டியபோது எனக்குப் புரிந்தது இதுதான்: ஒன்று சரக்குக்காகப் பிறந்தது, மற்றது சட்டம் ஒழுங்குக்காகப் பிறந்தது. பயணி நடுவில் நிற்கிறார்.

1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. நடத்தியது மெட்ராஸ் ரயில்வே கம்பெனி. அந்தக் காலத்து ரயில் கம்பெனிகள் தங்கள் கிடங்குகளுக்குத் தாங்களே காவலாளிகளை வைத்துக்கொண்டன. 1882இல் இந்த வேலை முறையாகப் பிரிக்கப்பட்டது. குற்றமும் ஒழுங்கும் அரசுப் போலீஸின் பொறுப்பு; கம்பெனியின் சொத்தும் சரக்கும் கம்பெனிக் காவலின் பொறுப்பு.

இதன் பின்னால் இருப்பது எளிய கணக்கு. புக் செய்த மூட்டை தொலைந்தால் ரயில்வே நஷ்டஈடு தர வேண்டும். நீங்கள் கையோடு கொண்டுபோகும் பெட்டி திருடுபோனால், ரயில்வே ஊழியரின் கவனக்குறைவை நீங்கள் நிரூபித்தாலொழிய, அதற்குச் செலவில்லை. இன்றைய 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 100ஆம் பிரிவும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது. காசு எங்கே போகுமோ அங்கேதான் காவல் நின்றது.

சுதந்திரத்துக்குப் பிறகும் கோடு அழியவில்லை. அரசியலமைப்பு ரயிலை மத்தியப் பட்டியலில் வைத்தது. போலீஸை, ரயில்வே போலீஸ் உட்பட, மாநிலப் பட்டியலில் வைத்தது. ‘வாட்ச் அண்ட் வார்ட்’ என்றிருந்த காவலாளிகள் 1957 சட்டத்தால் ஆர்.பி.எஃப். ஆனார்கள். 1966இல் வந்த இன்னொரு சட்டம், ரயில்வே சொத்தைத் திருடியவரை அவர்களே விசாரித்து கோர்ட்டுக்குக் கொண்டுபோக வழி செய்தது. ஆக, தண்டவாளத்து இரும்பு போனால் ஒரு படை. உங்கள் தாலிச்செயின் போனால் வேறு படை.

பயணியின் பாதுகாப்பு ஆர்.பி.எஃப்.பின் கடமைகளில் சட்டப்படி சேர்ந்தது 2003இல் வந்த திருத்தத்தால்தான். முதல் ரயில் ஓடி 147 வருஷம் கழித்து! பெண்கள் பெட்டியில் ஏறும் ஆண், காரணமில்லாமல் சங்கிலி இழுப்பவர் ஆகியோர் மேல் அவர்களே நடவடிக்கை எடுக்கலாம் என்றானது. ஆனால் திருட்டு, தாக்குதல், கொலை என்றால் எஃப்.ஐ.ஆர். போடுவது இன்றும் மாநிலப் போலீஸ்தான்.

இந்தக் கோடு எவ்வளவு மெல்லியது என்பதை 2016 ஜூன் 24 காட்டியது. நுங்கம்பாக்கம் ஸ்டேஷனில், காலை நேரத்தில், வேலைக்குப் போகக் காத்திருந்த ஓர் இளம்பெண் பலர் கண்ணெதிரே வெட்டிக் கொல்லப்பட்டார். ஸ்டேஷனில் சிசிடிவி கேமரா இல்லை. விசாரணையைத் தொடங்கியது ரயில்வே போலீஸ். ஐகோர்ட்டில் கேள்வி எழுந்தது; சில நாட்களிலேயே வழக்கு சென்னை மாநகரப் போலீஸிடம் போனது. பிளாட்பாரத்துக்கும் வெளியே உள்ள தெருவுக்கும் நடுவில் ஒரு படிக்கட்டுதான். காகிதத்தில் அது ஓர் எல்லை.

‘ரெண்டையும் ஒண்ணாக்கிடலாமே’ என்பார்கள். எனக்கு அதில் தயக்கம் உண்டு. உள்ளூர்க் குற்றவாளியைத் தெரிந்தவர், உள்ளூர் கோர்ட்டில் பதில் சொல்ல வேண்டியவர் மாநிலப் போலீஸ்காரர். அதை முழுக்க டெல்லியிடம் கொடுப்பதால் காட்பாடியில் பை பறிகொடுத்தவருக்கு என்ன கிடைக்கும்?

ஓடும் ரயிலில் நடந்த குற்றத்தை, அந்தப் பயணத்தில் ரயில் கடந்துபோகும் எந்த ஊர்க் கோர்ட்டும் விசாரிக்கலாம் என்று சட்டம் ரொம்ப காலமாகவே சொல்கிறது. எல்லை பார்க்காமல் புகாரைப் பதிய வேண்டும் என்பதும் 2024 ஜூலை முதல் சட்டத்திலேயே எழுதப்பட்டுவிட்டது. 139 என்ற ஒரே உதவி எண்ணும் இருக்கிறது. படைகள் இரண்டாகவே இருக்கட்டும். முதலில் கேட்பவர் எழுதிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். யாருடைய கணக்கு என்பதை அவர்கள் பிறகு பேசிக்கொள்ளட்டும்.