விடுதலைக்காக ஒரு போர், விடுதலைக்கு எதிராக ஒரு போர்: டச்சுக்காரர்களின் போர் வரலாறு

மலாக்காவுக்குச் சுற்றுலா செல்பவர்கள் டச்சுச் சதுக்கத்தின் செந்நிறக் கட்டடங்களுக்கு முன்னால் நின்று படம் எடுக்காமல் திரும்புவதில்லை. அங்கிருந்து சில நிமிட நடையில், போர்த்துக்கீசியர் கட்டிய அ ஃபமோசா கோட்டையின் எஞ்சிய வாசல் நிற்கிறது. அதன் நெற்றியில் 1670 என்ற ஆண்டும் ஒரு டச்சு வணிகக் கம்பெனியின் முத்திரையும் செதுக்கப்பட்டுள்ளன. போர்த்துக்கீசியர் கோட்டையில் டச்சு முத்திரை எப்படி வந்தது? இந்தக் கேள்விக்கான விடை, நான்கு நூற்றாண்டுகள் நீண்ட டச்சுப் போர் வரலாற்றில் இருக்கிறது.

டச்சுக்காரர்கள் என்று நாம் சொல்வது நெதர்லாந்து மக்களை. அந்நாட்டின் செல்வாக்கு மிக்க பகுதியான ஹாலந்தின் பெயரால் தமிழில் அவர்களை ஒல்லாந்தர் என்றும் அழைத்தனர். மலாய் மொழியின் 'பெலாண்டா' என்ற சொல்லும் அதே பெயர் போர்த்துக்கீசியர் வாய்வழி திரிந்து வந்ததுதான். ஏறத்தாழ பகாங் மாநில அளவே உள்ள இந்தச் சிறிய நாட்டின் போர்கள், மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா ஆகிய மூன்று நாடுகளின் எல்லைகளையும் தீர்மானித்தன.

எண்பது ஆண்டுப் போர்

16ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்து, ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்பின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. வரிச்சுமை, புராட்டஸ்டண்டு சமயத்தவர் மீதான ஒடுக்குமுறை, நகரங்களின் பழைய உரிமைகளில் தலையீடு ஆகியவை மக்களைக் கொதிப்படையச் செய்தன. 1567இல் ஆல்பா பிரபு பெரும்படையுடன் வந்து கடும் தண்டனைகளை விதித்தார். அடுத்த ஆண்டே ஆரஞ்சு இளவரசர் வில்லியம் தலைமையில் போர் மூண்டது. நெதர்லாந்து காற்பந்துக் குழுவினர் இன்றும் ஆரஞ்சு நிறச் சீருடையில் களமிறங்குவது இந்தக் குடும்பத்தின் பெயரால்தான்.

நிலப்போரில் ஸ்பெயின் வலிமையானது. டச்சுக்காரர்களுக்குத் துணை நின்றது தண்ணீர். 1574இல் லெய்டன் நகரம் முற்றுகையில் பட்டினி கிடந்தபோது, கடலைத் தடுத்து நின்ற அணைகளைத் தாங்களே உடைத்து வயல்வெளிகளை மூழ்கடித்தனர். அந்த வெள்ளத்தின்மேல் படகுகள் வந்து அக்டோபர் 3ஆம் தேதி நகரை மீட்டன. அந்நாளில் வெள்ளை ரொட்டியும் ஹெர்ரிங் மீனும் உண்ணும் வழக்கம் அங்கே இன்றும் தொடர்கிறது.

1581இல் நெதர்லாந்து மாநிலங்கள் பிலிப்பைத் தங்கள் மன்னராக ஏற்க மறுத்து ஓர் ஆவணம் வெளியிட்டன. மன்னருக்காகக் குடிமக்கள் இல்லை, குடிமக்களுக்காகவே மன்னர். அவர்களை அடிமைகளாக நடத்தும் மன்னரை விலக்க அவர்களுக்கு உரிமை உண்டு என்பது அதன் சாரம். 1584இல் வில்லியம் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆயினும் போர் ஓயவில்லை. 1609 முதல் 1621 வரை மட்டும் ஓர் இடைக்காலப் போர்நிறுத்தம் இருந்தது. 1648இல் முன்ஸ்டர் உடன்படிக்கையின் வழி டச்சுக் குடியரசின் விடுதலையை ஸ்பெயின் முறைப்படி ஏற்றது.

போர் தொடுக்க உரிமை பெற்ற கம்பெனி

இந்தப் போர் ஐரோப்பாவோடு நிற்கவில்லை. 1580 முதல் 1640 வரை போர்த்துகலும் ஸ்பெயின் மன்னரின் கீழ் இருந்தது. எனவே, ஆசியாவில் இருந்த போர்த்துக்கீசியர் துறைமுகங்கள் அனைத்தும் டச்சுக்காரர்களுக்கு எதிரியின் உடைமைகளாயின. வாசனைப் பொருள்களின் இலாபமும் அவர்களை இழுத்தது.

1602இல் பல வணிகக் குழுக்களை ஒன்றிணைத்து ஐக்கிய கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கப்பட்டது. படை திரட்டவும், கோட்டை கட்டவும், ஆசிய அரசர்களுடன் உடன்படிக்கை செய்யவும், போர் தொடுக்கவும் அதற்கு அரசு உரிமை அளித்தது. பங்குதாரர்களுக்கு ஈவுத்தொகை வழங்கும் ஒரு நிறுவனம் பீரங்கிகளையும் வைத்திருந்தது.

மறு ஆண்டே போர்த்துக்கீசியருடனான மோதல் சிங்கப்பூர் அருகே தெரிந்தது. 1603 பிப்ரவரியில் வான் ஹீம்ஸ்கெர்க் என்ற கப்பல் தலைவர், ஜொகூர் ஆற்றின் முகத்துவாரத்துக்கு அருகில் 'சாந்தா கத்தரீனா' என்ற போர்த்துக்கீசியச் சரக்குக் கப்பலைக் கைப்பற்றினார். சீனப் பட்டும் பீங்கானும் நிறைந்த அந்தச் சரக்கு, ஆம்ஸ்டர்டாமில் 30 இலட்சம் கில்டருக்கும் மேல் விலைபோனது. இந்தப் பறிமுதலை நியாயப்படுத்த அமர்த்தப்பட்ட சட்ட அறிஞர் ஹ்யூகோ குரோஷியஸ், கடல் எவருக்கும் தனியுடைமையல்ல என்ற வாதத்தை 1609இல் நூலாக்கினார். அனைத்துலகக் கடல் சட்டத்தின் அடிப்படை நூல்களில் ஒன்றாக அது இன்று கருதப்படுகிறது.

கடல் பொதுவானது என்ற வாதம், கம்பெனியின் சொந்த வணிகத்துக்குப் பொருந்தவில்லை. சாதிக்காய் விளைந்த பண்டா தீவுகளில் பிறருக்கு அதை விற்கக்கூடாது என்று கம்பெனி கட்டளையிட்டது. தீவினர் அதற்கு இணங்கவில்லை. 1621இல் ஆளுநர் யான் பீட்டர்ஸூன் கூன் படையுடன் சென்று அத்தீவுகளை அடக்கினார். சுமார் 15,000 பேர் வாழ்ந்த இடத்தில் மிகச் சிலரே எஞ்சினர். மற்றவர்கள் கொல்லப்பட்டனர், பட்டினியால் இறந்தனர், தப்பி ஓடினர் அல்லது அடிமைகளாகக் கொண்டு செல்லப்பட்டனர். வெறுமையான தோட்டங்களில் அடிமைகள் வேலைக்கு அமர்த்தப்பட்டனர்.

மலாக்காவும் நாகப்பட்டினமும்

மலாக்கா மீது டச்சுக்காரர்கள் 1606இல் தொடுத்த முற்றுகை தோற்றது. அவ்வாண்டே ஜொகூர் சுல்தானகத்துடன் அவர்கள் உடன்படிக்கை செய்துகொண்டனர். 1640இல் ஜொகூர்ப் படைகளின் துணையோடு மீண்டும் முற்றுகையிட்டனர். பசியும் நோயும் இரு தரப்பினரையும் வாட்டிய பல மாதங்களுக்குப் பின், 1641 ஜனவரி 14ஆம் தேதி கோட்டை வீழ்ந்தது. அ ஃபமோசா வாசலில் உள்ள முத்திரையின் பின்னணி இதுதான்.

அடுத்து இலங்கையின் கொழும்பு 1656இலும், யாழ்ப்பாணமும் தமிழகத்தின் நாகப்பட்டினமும் 1658இலும் அவர்கள் வசமாயின. கடாரத்து அரசர் பெயரால் அமைந்த நாகப்பட்டினம் சூடாமணி விகாரைக்குச் சோழர் வழங்கிய கொடையைப் பதிவு செய்த செப்பேடுகள், லெய்டன் பல்கலைக்கழகத்தைச் சென்றடைந்ததும் இந்த டச்சுத் தொடர்பால்தான். தமிழ் ஆய்வாளர்கள் அவற்றை 'லெய்டன் செப்பேடுகள்' என்றே அழைக்கின்றனர்.

ஆங்கிலேயருடன் நான்கு போர்கள்

ஸ்பெயினுடனான போர் முடிந்ததும், கடல் வணிகத்தில் போட்டியாளரான இங்கிலாந்துடன் மோதல் தொடங்கியது. 1652–54, 1665–67, 1672–74, 1780–84 என நான்கு போர்கள் நடந்தன.

இரண்டாம் போரில், 1667 ஜூனில் தளபதி டி ரோய்ட்டரின் கப்பற்படை இங்கிலாந்தின் மெட்வே ஆற்றுக்குள்ளேயே நுழைந்தது. நங்கூரமிட்டிருந்த கப்பல்களை எரித்து, ஆங்கிலக் கடற்படையின் முதன்மைக் கப்பலான 'ராயல் சார்ல்ஸை' இழுத்துச் சென்றது. அதன்பின் கையெழுத்தான பிரெடா உடன்படிக்கையில், பண்டா தீவுகளில் ஒன்றான ரன் டச்சுக்காரர்களிடமும், இன்று நியூயார்க் எனப்படும் குடியேற்றம் ஆங்கிலேயரிடமும் நிலைபெற்றன. அந்நாளில் சாதிக்காயின் மதிப்பு அத்தகையது.

1672இல் பிரான்ஸ், இங்கிலாந்து, இரண்டு ஜெர்மானியச் சிற்றரசுகள் ஆகியவை ஒரே நேரத்தில் தாக்கின. டச்சுக்காரர்கள் அதைப் 'பேரழிவு ஆண்டு' என்கின்றனர். இம்முறையும் நிலங்களை வெள்ளத்தில் மூழ்கடித்தே நாட்டின் மேற்குப் பகுதியைக் காத்தனர். நான்காம் போர் அவர்களுக்குப் பெரும் தோல்வியாக முடிந்தது. அதில்தான் நாகப்பட்டினம் கைவிட்டுப் போனது. நொடித்துப்போன கம்பெனி 1799 இறுதியில் கலைக்கப்பட்டது.

ஆசியாவில் கண்ட எதிர்ப்புகள்

அதற்கு முன்பே ஆசிய அரசர்கள் கம்பெனிக்குச் சவாலாக இருந்தனர். 1741இல் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் கொளச்சலில் டச்சுப் படையைத் தோற்கடித்தார். சிறைப்பட்ட அதிகாரி டி லனாய், பின்னர் அதே மன்னரின் படைக்குப் பயிற்சி அளித்துத் தளபதியானார். அவரது கல்லறை உதயகிரிக் கோட்டையில் உள்ளது.

நம் வட்டாரத்தில் ரியாவின் புகிஸ் தலைவர் ராஜா ஹாஜி, 1784இல் சிலாங்கூரின் துணையோடு மலாக்காவை முற்றுகையிட்டார். ஜூன் 18ஆம் தேதி தெலுக் கெத்தாப்பாங்கில் நடந்த சண்டையில் அவர் உயிரிழந்தார். பின்னர் டச்சுக்காரர்கள் கோல சிலாங்கூரைப் பிடித்தனர். ஆனால், சுல்தான் இப்ராஹிம் மறு ஆண்டே அதை மீட்டார். தஞ்சோங் பினாங் விமான நிலையம் இன்று ராஜா ஹாஜியின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஐரோப்பாவில் பிரான்ஸுடன் மூண்ட போரின்போது, 1795இல் மலாக்கா பிரிட்டிஷார் கைக்கு வந்தது. 1818இல் அது டச்சுக்காரர்களிடம் திரும்பியது. இறுதியாக, 1824 மார்ச் 17ஆம் தேதி லண்டனில் கையெழுத்தான உடன்படிக்கை மலாக்காவைப் பிரிட்டிஷாருக்கும் சுமத்ராவின் பென்கூலனை டச்சுக்காரர்களுக்கும் அளித்தது. சிங்கப்பூர் மீதான ஆட்சேபத்தையும் டச்சுக்காரர்கள் கைவிட்டனர். ஒரே அரசாக இருந்த ஜொகூர்-ரியாவ் இரண்டாகப் பிரிந்தது. மலேசியா, இந்தோனேசியா இடையிலான இன்றைய எல்லைக்கு வித்திட்டது அந்த உடன்படிக்கைதான்.

ஜாவாவும் ஆச்சேயும்

எல்லை தெளிவானதும் தீவுக்கூட்டத்தின் உட்பகுதிகளை அடக்கும் போர்கள் தொடங்கின. 1825இல் ஜாவாவில் இளவரசர் டிப்போனெகோரோ கிளர்ந்தெழுந்தார். ஐந்தாண்டுப் போரில் ஏறத்தாழ இரண்டு இலட்சம் ஜாவானியர் மாண்டனர். 1830இல் பேச்சுவார்த்தைக்கு வந்த இளவரசர் அங்கேயே கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். காலியான கருவூலத்தை நிரப்ப, காப்பி, கரும்பு, அவுரி ஆகியவற்றை அரசுக்காகப் பயிரிடும்படி உழவர்கள் கட்டாயப்படுத்தப்பட்டனர்.

1873இல் ஆச்சே மீது போர் அறிவிக்கப்பட்டது. முதல் படையெடுப்பிலேயே தளபதி கோஹ்லர் பைத்துர்ரஹ்மான் பள்ளிவாசல் அருகே சுடப்பட்டு இறந்தார். 1899இல் தெயுக்கு உமார் வீழ்ந்த பிறகும் அவர் மனைவி சூட் ஞாக் டின் காட்டிலிருந்து போரிட்டார். 1903இல் சுல்தான் சரணடைந்தார். ஆனால் சண்டை அடுத்த பத்தாண்டிலும் ஓயவில்லை. டச்சுக்காரர்கள் நடத்திய மிக நீண்ட காலனித்துவப் போர் இதுவே.

1940 முதல் 1949 வரை

1940 மே மாதம் ஜெர்மனி நெதர்லாந்தைத் தாக்கியது. ரோட்டர்டாம் நகரம் குண்டுவீச்சில் அழிந்ததும் ஐந்தே நாளில் நாடு பணிந்தது. ஆசியாவில், சிங்கப்பூர் வீழ்ந்த 12 நாள்களில், 1942 பிப்ரவரி 27ஆம் தேதி ஜாவா கடற்போரில் ஜப்பானியர் நேச நாட்டுக் கடற்படையை முறியடித்தனர். தளபதி கார்ல் டோர்மன் தம் கப்பலோடு மூழ்கினார். மார்ச் மாதத்தில் டச்சுக் கிழக்கிந்தியா சரணடைந்தது.

1945 ஆகஸ்ட் 17ஆம் தேதி சுகர்னோவும் ஹத்தாவும் இந்தோனேசியாவின் விடுதலையை அறிவித்தனர். ஐந்தாண்டு ஜெர்மானிய ஆக்கிரமிப்பிலிருந்து சில மாதங்களுக்கு முன்புதான் விடுபட்டிருந்த நெதர்லாந்து அதை ஏற்கவில்லை. ஓர் இலட்சத்துக்கும் அதிகமான வீரர்களை அனுப்பியது. 1947 ஜூலையிலும் 1948 டிசம்பரிலும் நடத்திய பெரும் தாக்குதல்களை அது 'போலீஸ் நடவடிக்கை' என்றே குறிப்பிட்டது. 1947 டிசம்பர் 9ஆம் தேதி மேற்கு ஜாவாவின் ராவாகெடே கிராமத்து ஆண்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். மாண்டோர் 431 பேர் என்கிறது இந்தோனேசியத் தரப்பு. ஐக்கிய நாட்டு நிறுவனமும் அமெரிக்காவும் கொடுத்த நெருக்குதலால், 1949 டிசம்பர் 27ஆம் தேதி இறையாண்மை ஒப்படைக்கப்பட்டது.

ராவாகெடே விதவைகள் தொடுத்த வழக்கில் 2011இல் தி ஹேக் நீதிமன்றம் டச்சு அரசைப் பொறுப்பாக்கியது. அரசு மன்னிப்புக் கேட்டு அவர்களுக்குத் தலா 20,000 யூரோ வழங்கியது. 2020இல் மன்னர் வில்லெம் அலெக்சாண்டர், அளவு மீறிய வன்முறைக்காக ஜகார்த்தா வட்டாரத்திலேயே மன்னிப்புக் கேட்டார். 2023 ஜூனில்தான், விடுதலை நாள் 1945 ஆகஸ்ட் 17 என்பதை நிபந்தனையின்றி ஏற்பதாகப் பிரதமர் மார்க் ருட்டே அறிவித்தார்.

1581இல் டச்சுக்காரர்கள் தம் மன்னரை விலக்கியதை ஸ்பெயின் ஏற்க 67 ஆண்டுகள் ஆயின. 1945இல் இந்தோனேசியர்கள் செய்த அதே முடிவை நெதர்லாந்து முழுமையாக ஏற்க 78 ஆண்டுகள் ஆயின.