சணல், சணப்பு, கஞ்சா: ஆலந்தலைக் கரையில் எழுந்த ஒரு கேள்வி

ஆலந்தலைக் கடற்கரையில் ஒதுங்கிக் கிடக்கும் வலைத் துண்டுகளைப் பொறுக்குவதற்குக் கல்லூரி மாணவர்கள் சிலரை அழைத்துப் போயிருந்தேன். எல்லாம் நைலான். மணலுக்குள் பாதி புதைந்து, இழுத்தால் வராமல், கையை அறுக்கும். அப்போது ஒரு மாணவர் கேட்டார்: "கஞ்சாச் செடியோட நார்ல வலை, துணி, பேப்பர், செங்கல் வரைக்கும் செய்யலாமாம். அதைச் சட்டபூர்வமாக்கினா இந்தப் பிளாஸ்டிக்கே வேண்டாமாம். நிஜமா தோழர்?"

படகு நிழலில் உட்கார்ந்திருந்த முதியவர் ஒருவர் சிரித்துவிட்டார். "எய்யா, எங்க அப்பா காலத்து வலையெல்லாம் சணப்பு நூலும் பருத்தி நூலும்தான். அதுக்கு எந்தப் போலீசும் வரல்ல."

கேள்வி கேட்டவருக்கும் பதில் சொன்னவருக்கும் இடையே ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. நம் தோழர்கள் பலர் இந்த விவாதத்தை யூடியூப் காணொளிகளில் இருந்துதான் தெரிந்துகொள்கிறார்கள். அங்கே எல்லாமே அமெரிக்காவில் தொடங்கி அமெரிக்காவில் முடிகிறது. அதனால் நம் கரையில் இருந்து தொடங்குகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். சாக்கு நெய்யும் வங்காளத்துச் சணல் ஒரு செடி. நம் ஊர் வயலில் நெல் அறுத்த பிறகு விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழும் மஞ்சள் பூச் சணப்பு இன்னொரு செடி. அது அவரைக் குடும்பம். காற்றில் உள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும். போதை கிடையாது. மூன்றாவது கஞ்சாச் செடி. அதன் தண்டில் நார், விதையில் எண்ணெய், பெண் பூவில் போதை. ஆங்கிலேயர் இவற்றில் பின்னிரண்டையும் ஒரே சொல்லால் குறித்ததால், 'இந்தியச் சணல்' என்று பழைய ஆவணங்களில் வந்தால் எந்தச் செடி என்று ஒவ்வொரு முறையும் கவனித்துப் படிக்க வேண்டும்.

அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு போர் இருந்தது. பாய்மரக் கப்பல் காலத்தில் கயிறும் பாயும் இல்லாமல் கடற்படை இல்லை. பிரிட்டிஷ் கடற்படை நம்பியிருந்தது ரஷ்யக் கஞ்சா நாரைத்தான். நெப்போலியன் போர்களின்போது, குறிப்பாக 1807க்குப் பிறகு, பால்டிக் வழி அடைபடும் நிலை வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி இந்திய நார்களைத் தேடியது. கல்கத்தாத் தாவரவியல் தோட்டத்தின் ராக்ஸ்பரோ ஒவ்வொரு நாரிலும் கயிறு திரித்து, எவ்வளவு எடையைத் தாங்குகிறது என்று சோதித்து எழுதினார். சணப்பு அதில் முக்கிய இடம் பிடித்தது. 1854இல் கிரிமியப் போர் வந்ததும் அதே கதை மறுபடி. ரஷ்ய நார் தட்டுப்பட்ட நேரத்தில் டண்டீ ஆலைகள் வங்காளச் சணலின் பக்கம் முழுமையாகத் திரும்பின. 1855இல் ராயல் என்பவர் இந்திய நார்ச் செடிகளைப் பற்றித் தனி நூலே எழுதினார்.

இந்த நூல்களில் செடி இருக்கும், எடை இருக்கும், விலை இருக்கும். தேங்கிய தண்ணீரில் தண்டை ஊறப்போட்டு, அழுகிய நாற்றத்தில் இடுப்பளவு நின்று நார் உரித்தவர்கள் யார் என்பது அரிதாகவே இருக்கும். நிலம் யாரிடம் இருந்தது, கூலிக்கு யார் இறங்கினார்கள் என்பது தெரிந்தவர்களுக்கு அந்த ஆள் யாரென்று சொல்லத் தேவையில்லை.

நாருக்கும் சாதி உண்டு என்று சொன்னால் மாணவர்கள் நம்புவதில்லை. மனுஸ்மிருதியைத் திறந்து பாருங்கள். பிராமணனுக்குப் பருத்தியில் பூணூல், சத்திரியனுக்குச் சணப்பு நூலில், வைசியனுக்குக் கம்பளி நூலில். சூத்திரனுக்கும் அவர்ணருக்கும் நூலே இல்லை. 1927 டிசம்பர் 25 அன்று மகாடில் அம்பேத்கர் எரித்த நூலில் இந்தப் பக்கமும் இருந்தது. அரசனின் தோளில் ஏறும்போது சணப்பு புனிதம். அதை உரித்துத் திரிப்பவன் கையில் இருக்கும்போது இழிதொழில். ஜனப்பன் என்ற சாதிப் பெயரே சணப்பில் கோணிப்பை செய்த தொழிலில் இருந்து வந்தது என்று தர்ஸ்டன் பதிவு செய்திருக்கிறார். தமிழில் அவர்கள் சாலுப்பர்.

கஞ்சா நாரின் கதை இன்னும் வெளிப்படை. இமயமலையின் கட்வால், குமாவுன் பகுதிகளில் அந்த நாரில் முரட்டுத் துணியும் பையும் கயிறும் நெய்து உடுத்தினார்கள். ஆனால் அங்கே பிராமணரும் ராஜபுத்திரரும் அதைப் பயிரிடுவது சாதிக்கு இழுக்கு என்று கருதியதை 19ஆம் நூற்றாண்டு அரசுக் குறிப்புகள் சொல்கின்றன. உன் வீட்டில் கஞ்சா விளையட்டும் என்பது அங்கே ஒரு சாபம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

போதைப் பக்கம் வேறு வழியில் போனது. 1893இல் பிரிட்டிஷ் அரசு ஒரு ஆணையத்தை அமைத்தது. நான்கு வெள்ளை அதிகாரிகள், மூன்று இந்தியர்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து 1894இல் அறிக்கை தந்தார்கள். முழுத் தடை தேவையில்லை, வரியும் கட்டுப்பாடும் போதும் என்பது முடிவு. (வரி வருமானம் அரசுக்கு இனித்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.) பிறகு 1961இல் ஐ.நா. போதைப்பொருள் உடன்படிக்கை வந்தது. கஞ்சாவைப் பழைய வழக்கங்களில் இருந்து விலக்க இந்தியா போன்ற நாடுகளுக்கு 25 ஆண்டு அவகாசம். அவகாசம் முடியும் முன் 1985இல் நாம் இயற்றியதுதான் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம்.

இந்த இடத்தில் பலரும் தவறுகிறார்கள். 1961 உடன்படிக்கை நாருக்கும் விதைக்கும் கஞ்சாச் செடி வளர்ப்பதைத் தடுக்கவில்லை. 28ஆம் பிரிவு அதைத் தெளிவாக விலக்குகிறது. நம் 1985 சட்டத்தின் 14ஆம் பிரிவும் நார், விதை, தோட்டக்கலை நோக்கத்துக்காக அரசு அனுமதி தரலாம் என்கிறது. ஆக, தொழில்துறைச் சணலைச் 'சட்டபூர்வமாக்கு' என்ற கோரிக்கை பாதி நிறைவேறியே இருக்கிறது. 2018இல் உத்தராகண்ட் முதல் மாநிலமாக உரிமம் வழங்கியது. போதைப் பொருளின் அளவு 0.3 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது நிபந்தனை. 2021இல் இந்திய உணவுப் பாதுகாப்பு, தர ஆணையம் விதையையும் விதை எண்ணெயையும் உணவாக ஏற்றது.

சாபமாக இருந்த செடி இன்று முதலீடு. அதே மலையில் உரிமம் கேட்டுப் போகிறவருக்கு நிலம் வேண்டும், ஆய்வகச் சான்று வேண்டும், கட்டணம் வேண்டும். அந்த நாரை உடுத்தியதற்காக இழிவுபடுத்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளில் எத்தனை பேரிடம் இவை இருக்கும்?

சுற்றுச்சூழல் நன்மைகள் பொய்யல்ல. நாருக்கு வளர்த்தால் நான்கு மாதத்தில் அறுவடை. நெருக்கி விதைப்பதால் களை குறைவு, பருத்தியைவிடப் பூச்சிமருந்தும் குறைவு. தண்டின் உள்சக்கையைச் சுண்ணாம்போடு கலந்தால் எடை குறைந்த, வெப்பம் தடுக்கும் சுவர் கிடைக்கும். ஆனால் தண்டைக் குளத்தில் ஊறப்போட்டால் குளத்து மீன் சாகும், இதைக் காணொளிகள் சொல்வதில்லை. இன்னொன்று, ஐரோப்பிய நார் ரகங்கள் நீண்ட கோடைப் பகலுக்குப் பழகியவை. நம் அட்சரேகையில் பகல் குறைவு என்பதால், உயரமாக வளரும் முன்பே பூத்துவிடும். திருச்செந்தூர் வட்டத்துக்கு அது எளிதான பயிர் இல்லை.

நமக்கு ஏற்கெனவே இருந்தது சணப்பு. அதை யாரும் தடை செய்யவில்லை. பிறகு ஏன் வலையில் இருந்து போனது? அந்தத் தாத்தாவிடமே கேட்டோம். நூல் வலையை ஒவ்வொரு நாளும் காயப்போட வேண்டும், இல்லையென்றால் மக்கும். புளியங்கொட்டையும் மரப்பட்டையும் காய்ச்சிச் சாயம் ஏற்ற வேண்டும். நனைந்தால் கனம். நைலான் வந்தபோது, "முதுகு தப்பிச்சிது எய்யா" என்றார். 1950களின் கடைசியிலும் 60களிலும் பரவிய அந்த நைலானை இன்று நாம் மணலில் இருந்து பிடுங்குகிறோம். 2009இல் ஐ.நா. அமைப்புகள் வெளியிட்ட அறிக்கை ஆண்டுக்குச் சுமார் 6.4 லட்சம் டன் மீன்பிடிக் கருவிகள் கடலில் தொலைவதாக மதிப்பிட்டது. அதற்காக அவர் முதுகில் ஈர வலையைத் திரும்ப ஏற்றச் சொல்லும் சூழலியல் எனக்கு உடன்பாடில்லை. வலைக்கு நைலான் இருந்துவிட்டுப் போகட்டும், பொறுப்பாகத் திரும்பப் பெறுங்கள். சணப்பு நாருக்குக் கயிறு, பை, காகிதம் என்று வேறு இடம் இருக்கிறது.

சந்தையை யார் உண்டாக்குவது? வங்காளச் சணல் பிளாஸ்டிக் சாக்குக்கு எதிராகத் தாக்குப்பிடித்ததற்கு முக்கியமான காரணம் 1987 சணல் பொதியல் சட்டம். உணவு தானியத்தைச் சணல் சாக்கில் கட்ட வேண்டும் என்று அரசு கட்டாயமாக்கியது. சணப்புக்கு அப்படி ஒரு சட்டம் வாய்க்கவில்லை. தடை நீங்கினால் மட்டும் ஒரு பயிர் பிழைக்காது, வாங்குபவர் வேண்டும்.

மறுபக்கம், ஒரே செடியின் இன்னொரு பகுதிக்காக யார் சிறைக்குப் போகிறார்கள் என்று பாருங்கள். ஒரு கிலோ வரை 'சிறு அளவு'. அதற்கும் ஓராண்டு வரை கடுங்காவல் விதிக்கலாம். நான் வேலை செய்த ஒரு குடியிருப்பில் 19 வயதுப் பையன், சட்டைப்பையில் ஒரு பொட்டலம். இரண்டு வாரத்தில் வெளியே வந்துவிட்டான். ஆனால் ஐடிஐ சேர்க்கை போயிற்று, 'கஞ்சா கேஸ்' என்ற பெயர் தெருவில் நின்றுவிட்டது. கஞ்சா நம் பிள்ளைகளுக்கு நல்லது என்று நான் சொல்லவில்லை. அதனால் சிதைந்த வீடுகளுக்குள் போய் வருகிறவள் நான். ஆனால் பையனுக்குத் தேவைப்பட்டது மருத்துவர், கிடைத்தது லாக்கப். 'தொழில்துறைச் சணல்' மாநாடுகளில் இந்தப் பையனைப் பற்றிய பேச்சே வருவதில்லை.

எனவே நம் கோரிக்கை நிலத்தில் இருந்து தொடங்க வேண்டும். செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. அதை மீட்கக் கேட்டதற்காகத்தான் 1994இல் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். நார்ப்பயிருக்கு அரசு மானியமோ உரிமமோ எப்போது வந்தாலும், அது முதலில் பஞ்சமி நிலத்தில் தலித் பெண்கள் கூட்டாகச் செய்யும் சாகுபடிக்கு வர வேண்டும். கூடவே இயந்திரத்தில் நார் உரிக்கும் வசதியும் வேண்டும். அழுகிய குளத்துக்குள் மறுபடி நாம் இறங்குவதற்கில்லை.

திரும்பும் வழியில் அந்த மாணவர், தன் ஊரில் பஞ்சமி நிலம் எவ்வளவு, இப்போது யார் அனுபவத்தில் இருக்கிறது என்று எப்படிக் கேட்பது என்றார். வட்டாட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு ஆர்டிஐ மனு, 10 ரூபாய்க் கட்டணம். 'அ' பதிவேட்டின் நகலையும் சேர்த்துக் கேளுங்கள். பேருந்திலேயே அவர் மனுவை எழுதத் தொடங்கிவிட்டார்.