கேம்பிரிட்ஜின் கணிதத் தேர்வும் மர அகப்பையும்

மாணாக்கன் எவ்வளவு கற்றான் என்பதை ஓர் எண்ணால் கூறிவிடலாம் என்னும் நம்பிக்கை இன்று நமக்கு மூச்சு விடுவதுபோல் இயல்பாகிவிட்டது. தேர்வுத் தாள்களைத் திருத்தித் திருத்தியே தலை நரைத்த ஆசிரியர்களாகிய நாம், அந்நம்பிக்கைக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. சீனத்து அரசுத் தேர்வுகள் மிகத் தொன்மையானவை. அவை வேறு கதை. ஆங்கிலேயர் ஆண்ட நாடுகளில் பரவிய தேர்வு முறைக்கு ஒரு நாற்றங்காலாக விளங்கியது கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்துக் கணிதத் தேர்வேயாகும்.

இத்தேர்வுக்கு ‘டிரைபாஸ்’ என்று பெயர். முற்காலத்தில் பட்டமளிப்பின்போது முக்காலியில் அமர்ந்து வாதிட்டவரைக் குறித்து எழுந்த பெயர் இது என்பர். அந்நாளில் மாணாக்கரின் அறிவு வாயாலேயே அளக்கப்பட்டது. ஒருவன் ஒரு கொள்கையை இலத்தீன் மொழியில் நிலைநாட்டுவான். மற்றவர் அதனை மறுத்து நிற்பர். முதல் வகுப்பில் தேறியோரை ‘ராங்கலர்’, அஃதாவது வாதிடுவோர், என அழைக்கும் வழக்கம் அதன் எச்சமே. 1748-ஆம் ஆண்டு முதல் தேறினோரைத் தகுதி வரிசையில் நிறுத்திய பட்டியல் அச்சிடப்பட்டது. காலப்போக்கில் வாதம் தேய்ந்தது; எழுத்து வளர்ந்தது. எல்லார்க்கும் ஒரே வினா, ஒரே நேரம் என்ற முறை நிலைபெற்றது.

இம்மாற்றத்தின் நன்மையைக் குறைத்து மதிப்பிடல் தகாது. தச்சர் ஒருவரின் மகனான வில்லியம் ஹூவெல் 1816-இல் இரண்டாம் ராங்கலராகத் தேறிப் பின்னர் 1841-இல் டிரினிடி கல்லூரியின் தலைவராகவே உயர்ந்தார். குடிப்பிறப்பைக் கேளாத தேர்வுத் தாள் அவருக்கு வழிவிட்டது. தோட்டப் புறத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வோர்க்கு இதன் பொருளை விளக்க வேண்டுவதில்லை.

ஆனால் வரிசை என்று ஒன்று வந்துவிட்டால், வரிசைக்காகவே படிப்பவரும் வந்துவிடுகின்றனர். பிரான்சிஸ் கால்டன் 1869-இல் வெளியிட்ட நூலில் அக்காலத்துப் புள்ளிக் கணக்கு ஒன்று காணப்படுகின்றது. தேர்வு எட்டு நாள், நாளொன்றுக்கு ஐந்தரை மணி நேரம். மொத்தப் புள்ளிகள் 17,000. முதல்வர் பெற்றவை 7,634. இரண்டாமவர் பெற்றவை 4,123. சிறப்புப் பட்டியலின் கடைசி மாணவர் பெற்றவை 237. முதல்வருக்கும் கடைசியானவருக்கும் இடையே முப்பத்திரண்டு மடங்கு! மனிதரின் பிறவி ஆற்றலில் இத்துணை வேறுபாடு உண்டு என்பதற்கு இதனையே கால்டன் சான்றாகக் காட்டினார். அந்த எண்கள் பிறவி ஆற்றலை அளந்தனவா, பயிற்சியின் வேகத்தை அளந்தனவா என்று அவர் போதிய அளவு ஆராயவில்லை என்பதே என் கருத்து. இத்தனைக்கும், கேம்பிரிட்ஜில் படித்தபோது உடல்நலம் குலைந்து சிறப்புத் தேர்வைக் கைவிட்டுச் சாதாரணப் பட்டம் பெற்றவர் அவர்.

பயிற்சி என்றது வெறும் சொல்லன்று. கல்லூரி விரிவுரைகளை விடுத்து, மாணாக்கர் தனிப் பயிற்றுநரை நாடினர். வில்லியம் ஹாப்கின்ஸ் என்பவர் 1849-ஆம் ஆண்டிற்குள் ஏறத்தாழ 200 ராங்கலர்களை உருவாக்கினார். அவருள் 17 பேர் முதல்வர். அவருக்குப் பின் வந்த எட்வர்ட் ரௌத், 25-க்கும் மேற்பட்ட முதல்வர்களைத் தந்தார். குறிப்பிட்ட வகை வினாவைக் கண்டதும் கை தானே எழுதுமாறு பழக்குவதே இத்தகைய பயிற்சியின் உயிர்நாடி. பிற்காலத்தில் கெல்வின் பிரபு என்று புகழ்பெற்ற வில்லியம் தாம்சன் 1845-இல் இரண்டாமவராகவே வந்தார். அவரை வென்ற பார்க்கின்சனை, கெல்வினை வென்றவர் என்பதற்காகவே இன்று பலர் அறிவர். 1854-இல் மாக்ஸ்வெல்லும் இரண்டாமவரே. முதல்வர் மேற்கூறிய ரௌத். ரௌத்தும் எளியவர் அல்லர் என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும்; இயக்கங்களின் நிலைப்பாடு பற்றிய அவர் ஆராய்ச்சி இன்றும் பொறியியலில் பயில்கின்றது. எனினும் மின்காந்தக் கொள்கை மாக்ஸ்வெல்லுடையது.

1890-இல் பிலிப்பா பாசெட் என்னும் பெண்மணி முதல்வருக்கும் மேலான புள்ளிகள் பெற்றார். ‘முதல்வருக்கு மேல்’ என்று அறிவித்தார்களேயன்றி அவருக்கு முதலிடமும் தரவில்லை, பட்டமும் தரவில்லை. கேம்பிரிட்ஜில் பெண்கள் முழுப் பட்டம் பெற்றது 1948-இல்தான்.

தேர்வின் பிடியை உடைக்க முன்னின்றவருள் ஜி. எச். ஹார்டி ஒருவர். 1898-இல் நான்காம் ராங்கலராகத் தேறிய அவர், பயிற்றுநரிடம் பட்ட சலிப்பால் கணிதத்தையே விட்டு வரலாறு படிக்க எண்ணியதுண்டு. புதிய விதிகள் 1907-இல் ஏற்கப்பட்டன. தகுதி வரிசை 1909-உடன் முடிந்தது. சிறப்புப் பட்டியலில் கடைசியாக வந்தவருக்குத் தோழர்கள் செனட் மண்டபத்து மாடத்திலிருந்து மர அகப்பையைத் தொங்கவிடும் வேடிக்கையும் அத்துடன் ஒழிந்தது. இறுதி அகப்பை, படகுத் துடுப்பைக் கொண்டு செய்யப்பட்டது. வரிசை போனால் முயற்சி போய்விடும் என்று அஞ்சியவர் அன்றும் இருந்தனர். நம் நாட்டில் 2021-இல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்டபோது ஆசிரியர் அறைகளில் எழுந்த வாதங்களை நினைவுகூர்வோர்க்கு இது புதிதாகத் தோன்றாது.

அதே ஹார்டியின் கைக்குத்தான் 1913-ஆம் ஆண்டு சனவரியில் சென்னையிலிருந்து ஒரு கடிதம் சென்றது. எழுதியவர் இராமானுசன். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தவர். பின் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எப்.ஏ. தேர்வில் தேறாதவர். கணிதத்தில் மூழ்கிப் பிற பாடங்களை விட்டதே காரணம். தேர்வுப் பதிவேட்டின்படி அவர் கல்லாதவர்! 1914-இல் கேம்பிரிட்ஜ் சென்ற அவருக்கு 1916-இல் டிரைபாஸ் எழுதாமலே, ஆராய்ச்சிக் கட்டுரைக்காக, பி.ஏ. பட்டம் வழங்கப்பட்டது. 1918-இல் ராயல் கழக உறுப்பினரானார். எத்தனை இராமானுசர்கள் கடிதம் எழுதாமலே போயினரோ என்று நினைக்கும்போது, மதிப்பெண் பட்டியலில் கையொப்பமிடும் என் கை சற்றே தயங்குகின்றது.

கணிப்பொறிக் கல்வி பிறந்ததும் இதே வினா மீண்டும் எழுந்தது. கேம்பிரிட்ஜில் 1953-இல் கணிப்பொறித் துறைக்கெனப் பட்டயப் படிப்பு தொடங்கப்பட்டது. அமெரிக்காவின் ரென்சலார் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஜாக் ஹாலிங்ஸ்வர்த், மாணாக்கர் எழுதும் நிரல்களை இயந்திரமே திருத்தும் முறையை 1960-இல் விவரித்தார். துளையிட்ட அட்டைகளில் நிரல் செல்லும்; அதனைத் திருத்தும் நிரல் ஓடும்; ‘விடை தவறு’ அல்லது ‘கணக்கு முடிந்தது’ என ஒன்று வரும். இதனால் மிகுதியான மாணாக்கர் நிரலெழுதக் கற்க முடிந்தது என்பதே அவர் கண்ட பெரும் பயன். 237 புள்ளி பெற்ற அந்தப் பழைய கேம்பிரிட்ஜ் மாணவருக்குக் கிடைத்த அளவு நுணுக்கங்கூட இதில் இல்லை. ஆனால் திருத்துவோரின் களைப்பும் சலிப்பும் விடையைத் தொடுவதில்லை. வேறோர் இடர் மட்டும் இருந்தது. மாணாக்கனின் நிரலும் திருத்தும் நிரலும் ஒரே பொறியின் நினைவகத்தில் இருந்தமையால், திருத்தப்பட வேண்டிய நிரலே தன்னைத் திருத்த வந்ததை மாற்றி எழுதிவிடவும் கூடும்.