வீட்டு வாசலுக்கு வந்த பெண்கள்

  இலக்கிய மேடையில் கருத்தடை பற்றிப் பேசலாமா என்று எனக்கே தயக்கம் இருந்தது. ஆனால் நம் பாட்டிமாரின் வாழ்க்கையையும் நம் வாழ்க்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எத்தனை பிள்ளை, எப்போது என்ற கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. அந்தத் துணிவில் தொடங்குகிறேன்.

செவிலியர் பட்டயப் படிப்பை முடித்து, தமிழ்நாட்டில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். கருத்தடை மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் வந்தார். தலைசுற்றல், குமட்டல், இடையிடையே உதிரப்போக்கு என்றார். எனக்கு அவசரம். "சரியாயிடும்மா, விடாம சாப்பிடுங்க" என்று அனுப்பிவிட்டேன். அடுத்த வருடம் அவரைப் பிரசவ வார்டில் பார்த்தேன். ஏன் மாத்திரையை நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். "நான் சொன்னதை நீங்க காதுலயே வாங்கலையே சிஸ்டர்" என்றார்.

அந்தப் பதிலின் முழுப் பொருள், பல வருடம் கழித்து மத்லப் பற்றிப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது.

மத்லப், வங்கதேசத்தில் டாக்காவுக்குத் தென்கிழக்கே, மேக்னா ஆற்றை ஒட்டிய தாழ்நிலப் பகுதி. மழைக்காலத்தில் படகு இல்லாமல் பக்கத்து ஊருக்குக்கூடப் போக முடியாது. காலராவை ஆராய வந்தவர்கள் 1963இல் அங்கே ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார்கள். அதுவும் முதலில் மிதவைப் படகில்தான் இயங்கியது. 1966 முதல் வீடு வீடாகப் பிறப்பு, இறப்பு, இடப்பெயர்வு எல்லாவற்றையும் பதிவு செய்தார்கள். எதைச் செய்தால் என்ன மாறுகிறது என்று அங்கே கணக்குப் பார்த்துச் சொல்ல முடிந்தது.

1975இல் வங்கதேசத்தின் நிலையை நினைத்துப் பாருங்கள். 1970இல் பெரும்புயல், 1971இல் போர், 1974இல் பஞ்சம். ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஆறு பிள்ளைகளுக்கு மேல். மணமான 100 பெண்களில் எட்டுப் பேர்தான் ஏதாவது ஒரு கருத்தடை முறையைக் கையாண்டார்கள். மாத்திரையைக் கையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால் போதும் என்று அப்போது நினைத்தார்கள். மத்லப்பில் அந்த ஆண்டு அதைத்தான் செய்தார்கள். கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் பெரும்பாலும் வயதான, எழுதப் படிக்கத் தெரியாத, கணவனை இழந்த மருத்துவச்சிகள்.

முதல் சில மாதம் பயன்பாடு வேகமாக ஏறியது. பிறகு இறங்கியது. தலை சுற்றுகிறது என்றால் அந்தப் பாட்டியிடம் பதில் இல்லை. அவர் அந்த மாத்திரையைச் சாப்பிட்டதே இல்லை. வேறு முறைக்கு மாற்றிக்கொள்ளவும் அதிகம் வழியில்லை. ஆகவே பெண்கள் நிறுத்திவிட்டார்கள்.

1977 அக்டோபரில் திட்டத்தை மாற்றினார்கள். இந்த முறை 80 பெண்கள். அதே ஊர்க்காரர்கள், ஓரளவு படித்தவர்கள், மணமானவர்கள், தாங்களும் கருத்தடை முறையைக் கையாள்பவர்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு வீட்டுக்கும் போனார்கள். மாத்திரை, ஆணுறை, ஊசி என்று பல முறைகளை எடுத்துச் சொன்னார்கள். உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் கேட்டு, மாற்றி, தேவைப்பட்டால் மருத்துவரிடம் அனுப்பினார்கள். ஒன்றரை வருடத்தில் அந்தப் பகுதியில் மூன்றில் ஒரு பெண் கருத்தடை முறையைப் பயன்படுத்தினார். இந்தச் சேவை இல்லாத பக்கத்துக் கிராமங்களில் அப்படி நடக்கவில்லை. வறுமை அதேதான், மதமும் அதேதான்.

ஊசி ஏன் அவ்வளவு பிடித்துப்போனது? மாமியார் கண்ணில் படும்படி வீட்டில் மாத்திரை அட்டை இருக்காது என்பதும் ஒரு காரணம். பர்தா முறையில் வாழ்ந்த பெண் கடைத்தெருவுக்கே போக முடியாது. மருந்தகத்துக்கு எப்படிப் போவார்? அதனால்தான் வாசலுக்கு வந்த பெண் அவ்வளவு முக்கியமாகிப் போனார். ஊர் ஊராக நடந்த அந்தப் பணியாளர்களை முதலில் ஏசினார்கள். பிறகு அவர்களே மற்றப் பெண்களுக்கு, ஒரு பெண் வெளியே போய்ச் சம்பாதிக்கலாம் என்பதற்குச் சாட்சியானார்கள். அரசும் நாடெங்கும் 20,000க்கு மேற்பட்ட பெண் பணியாளர்களை நியமித்தது.

எல்லாம் நல்லதாக நடந்தது என்று சொல்ல வரவில்லை. நிரந்தர அறுவைச் சிகிச்சைக்கு வந்தவர்களுக்குப் பணமும், பெண்ணுக்குச் சேலையும் ஆணுக்கு லுங்கியும் கொடுத்தார்கள். பசியோடு இருப்பவருக்குச் சேலையைக் காட்டிக் கையெழுத்து வாங்கினால், அதைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது? அந்தக் கண்டனம் அப்போதே எழுந்தது, நியாயமாகவே.

மதம்தான் தடை என்று பலர் சட்டென்று சொல்லிவிடுகிறார்கள். 1971 வரை ஒரே நாடாக இருந்த பாகிஸ்தானில் 2012-13இல் 100க்கு 35 பேர்தான் கருத்தடை முறையைக் கையாண்டார்கள். வங்கதேசத்தில் 2011இலேயே 61 பேர். வங்கதேசத்துக்குள்ளேயே அந்த ஆண்டு ரங்க்பூரில் 69, சில்ஹெட்டில் 45. மதம் ஒன்று, சட்டம் ஒன்று. எண்ணிக்கை மட்டும் வேறு. பெண்ணின் படிப்பு, பிறந்த பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை, ஆண் பிள்ளை பிறந்துவிட்டதா என்ற கேள்வி, கணவன் மனைவியோடு இதைப் பேசுகிறானா, வெளிநாட்டில் இருக்கிறானா – இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்காமல் அந்த வித்தியாசம் புரியாது. நான் வளர்ந்த திருச்சபையில் ஒரு நாளும் இதைப் பற்றிப் பேசியதில்லை. ஆனால் ஆலயத்துக்கு வந்த அம்மாக்கள் பெரும்பாலோர் இரண்டு பிள்ளைகளோடு நிறுத்தியிருந்தார்கள்.

2022இல் வங்கதேசத்தில் 100க்கு 64 பேர் கருத்தடை முறையைக் கையாண்டார்கள்; சராசரிப் பிள்ளைகள் 2.3. பெரிய தூரம்தான். ஆனாலும் பெண்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு 18 வயதுக்கு முன்பே திருமணம் ஆகிவிடுகிறது. கருத்தடையின் சுமையும் பெரும்பாலும் பெண் உடம்பின் மேல்தான். தொடங்கியவர்களில் பலர் 12 மாதத்துக்குள் நிறுத்திவிடுகிறார்கள். மாத்திரையையும் ஊசியையும் விடுவதற்கு முக்கியமான காரணம் பக்கவிளைவு. 1975இன் பாடம் இன்னும் முடியவில்லை.

இப்போது நான் வேலை செய்யும் லண்டன் கிளினிக்குக்குச் சில்ஹெட் பெண்களும் வருகிறார்கள், நம் பெண்களும் வருகிறார்கள். மாமியாரோடு வந்தால், இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும் என்று சொல்லி மருமகளை மட்டும் உள்ளே அழைப்பேன். "போன தடவைக்கு அப்புறம் உடம்பு எப்படி இருந்தது?" என்று கேட்டுவிட்டு, அவர் பேசி முடிக்கும் வரை பேனாவைத் தொடுவதில்லை. சில நேரம் பத்து நிமிடம் ஆகும். வெளியே வரிசை நீளும். இருக்கட்டும்.