மாலிப் பேரரசு

மேற்கு ஆப்பிரிக்காவில் 13-ஆம் நூற்றாண்டில் மாலிங்கே மக்களிடையே தோன்றி, 14-ஆம் நூற்றாண்டில் அட்லாண்டிக் கரைப்பகுதி முதல் நைஜர் ஆற்றின் பெருவளைவையொட்டிய காவோ நகர் வரை பரவி, 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிற்றரசுகளாகச் சிதறிய பேரரசு. இதன் மன்னர்கள் மன்சா எனப்பட்டனர். தங்கத்தால் எழுந்து, அதை வாரியிறைத்து அழிந்த அரசு என்பது இதைப் பற்றிப் பரவலாக வழங்கும் கருத்து. சான்றுகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்திப் பார்த்தால் அக்கருத்தின் இரண்டு பாதிகளும் ஆட்டம் காண்கின்றன. மாலியின் பலம் தங்கம் விளைந்த குழிகளில் இருந்ததைவிட, பாலைவனத்து உப்புக்கும் தென்னிலத்துத் தங்கத்துக்கும் நடுவே கிடந்த வழிகளையும் ஆற்றுத்துறைகளையும் காத்து நின்றதில் இருந்தது. அவ்வழிகளின் வாயில்கள் வடக்கிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போனதே அதன் முடிவு.

இவ்வரசின் அவைக்குறிப்பு எதுவும் எஞ்சவில்லை. வெளியார் எழுதிய அரபு நூல்கள், ஜெலி எனப்படும் பரம்பரைப் பாணர்களின் வாய்மொழிக் கதைகள், 17-ஆம் நூற்றாண்டில் திம்புக்டுவில் எழுதப்பட்ட வரலாறுகள், கடல்வழி வந்த போர்ச்சுக்கீசியரின் குறிப்புகள் ஆகிய நான்கிலிருந்தே வரலாறு கோக்கப்படுகிறது. இவற்றுள் அரபு நூல்கள் 1324-க்கும் 1390-க்கும் இடைப்பட்ட காலத்தை மட்டுமே நெருங்கிப் பார்க்கின்றன. மாலியின் ‘பொற்காலம்’ என்று நூல்கள் காட்டும் ஆண்டுகளும் இந்த எழுத்தாளர்கள் பார்த்த ஆண்டுகளும் ஒன்றாக இருப்பதை மறக்காமல் மேலே செல்ல வேண்டும்.

தோற்றம் பற்றிய செய்திகள் குறைவு. முந்தைய கானா அரசு தளர்ந்தபின் சோசோ மன்னன் சுமங்குரு கான்டே மாலிங்கே மக்களின் தாயகமான மாண்டே நாட்டை அடக்கியிருந்தான் என்றும், நாடு கடந்து வாழ்ந்த சுண்டியாட்டா கெய்ட்டா திரும்பி வந்து கிரினாப் போரில் அவனை வென்றான் என்றும் பாணர்கள் பாடுவர். போரின் ஆண்டாகப் பாடநூல்கள் தரும் 1235 பிற்கால ஆய்வாளர் கணித்தது. எந்தப் பழைய ஏடும் அதைச் சொல்லவில்லை. நடக்க முடியாத சிறுவனாக இருந்த சுண்டியாட்டா இரும்புக் கோலை ஊன்றி எழுந்து நின்றதெல்லாம் காவியத்தின் பாற்பட்டது. ஆனால் சுண்டியாட்டா கற்பனை மாந்தன் அல்லன். பாணர் மரபோடு தொடர்பில்லாத அரபு வரலாற்றாசிரியர் இப்னு கல்தூன், சோசோவை வென்று இருபத்தைந்து ஆண்டு ஆண்ட மாரி ஜாட்டா என்ற மன்னனைக் குறிப்பிடுகிறார். இருவரும் ஒருவரே என்பதை இன்று பெரும்பாலோர் ஏற்கின்றனர்.

அரசின் இயக்கத்தைப் புரிந்துகொள்ள அரபு நூலாசிரியர் அல்-உமரி தரும் செய்தியே முதன்மையானது. தங்கம் தோண்டும் ஊரை மாலி மன்னர் கைப்பற்றி அங்கு இஸ்லாம் பரவினால், அவ்வூரில் தங்கம் குறைந்து அறவே நின்றுபோகும். அண்டை ஊர்களில் பெருகும். ஆகவே அம்மக்களை அவர்கள் போக்கில் விட்டுத் திறை மட்டும் பெற்றுக்கொண்டனர் என்கிறார் அவர். இதில் நம்பிக்கையும் நடப்பும் கலந்திருக்கலாம். மேலே ஆளவந்தவரின் கெடுபிடியால் தோண்டுவோர் இடம்பெயர்ந்ததைத்தான் இப்படிச் சொன்னார்கள் போலும். பூரே, பம்புக் ஆகிய தங்க வயல்கள் மன்சாவின் மேலாட்சியை எந்த அளவுக்கு ஏற்றிருந்தன என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. எனினும் அல்-உமரியின் கூற்று காட்டும் திசை தெளிவு: மன்சாக்களின் கொள்கை, விளைச்சலில் தலையிடாமல் அது வந்து சேரும் வழியைப் பிடிப்பது. வழியின் மதிப்பை உப்பு விலையில் காணலாம். சகாராவின் நடுவே தகாசாவில் வெட்டிய உப்புப் பாளங்கள் ஒட்டகச் சுமை ஒன்றுக்குப் பாலைவனத்தின் தென்விளிம்பில் இருந்த வலாட்டாவில் 8 முதல் 10 மித்கால் (பொன் எடையலகு) தங்கத்துக்கும், மாலி நகரில் 20 முதல் 30, சில வேளை 40 மித்காலுக்கும் விற்றன. மரம் இல்லாத தகாசாவில் வீடும் பள்ளிவாசலும் உப்புக் கட்டிகளால் எழும்பி, ஒட்டகத் தோலால் கூரை வேயப்பட்டிருந்தன. அந்த அற்ப ஊரில் புழங்கிய தங்கத்தூளின் அளவைக் கண்டு, அங்கு சென்ற பயணி இப்னு பதூதா வியந்தார். பணமாகப் புழங்கிய சோழியின் கணக்கு இன்னும் விந்தையானது. மாலத்தீவில் ஒரு பொன் தினாருக்கு நான்கு லட்சம் சோழி கிடைத்ததைக் கண்ட அவரே, மாலியிலும் காவோவிலும் அதே தினாருக்கு 1,150 சோழிதான் கிடைத்ததைப் பதிவு செய்திருக்கிறார்.

இவ்விளக்கத்துக்கு ஒரு தடை எழுப்பப்படலாம். தம் நாட்டில் செம்பு ஒன்றைத் தவிர வேறெதற்கும் வரி இல்லை என்று மன்சா மூசாவே ஹஜ் பயணத்தின்போது கெய்ரோவில் கூறியதாக அல்-உமரி எழுதுகிறார். சுங்கமே வாங்காத அரசு வழியால் வாழ்ந்தது எப்படி? விடை அதே பகுதியில் இருக்கிறது. அந்தச் செம்பைத் தென்னிலத்தாருக்கு அனுப்பி, நூறு மித்கால் செம்புக்கு ஏறத்தாழ அறுபத்தாறு மித்கால் தங்கம் பெற்றதாக மூசா விளக்கினார். இந்த விகிதத்தில் கொடுக்கல் வாங்கல் நடத்தும் மன்னனுக்கு வணிகரின் மூட்டையைச் சோதிக்கத் தேவையில்லை. வழி பாதுகாப்பாக இருந்தால் போதும். நாட்டில் பயணிக்கோ ஊராருக்கோ கள்வர் பயம் கிடையாது, இறந்துபோன அயல் வணிகரின் உடைமையில் யாரும் கை வைப்பதில்லை என்று இப்னு பதூதா பாராட்டுவதை இதோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

மன்சா மூசாவின் 1324-ஆம் ஆண்டு ஹஜ் பயணம்தான் மாலியை மத்தியதரை உலகின் கண்ணில் நிறுத்தியது. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் கெய்ரோவில் பேச்சு ஓயவில்லை; அல்-உமரி அந்தப் பேச்சிலிருந்தே தம் செய்திகளைச் சேகரித்தார். மூசா நூறு சுமைத் தங்கம் கொண்டுவந்தார் என்பது அல்-உமரி கேட்ட கணக்கு. அறுபதாயிரம் பேர் உடன் சென்றனர், பொற்கோல் ஏந்திய ஐந்நூறு அடிமைகள் முன்னே நடந்தனர் என்பது, மூன்று நூற்றாண்டுகள் கழித்து அல்-சாதி திம்புக்டுவில் எழுதியது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. எகிப்தின் மம்லூக் சுல்தான் அல்-நாசிர் முகம்மதின் முன் மண்டியிட்டுத் தரையை முத்தமிட மூசா முதலில் மறுத்தார். பிறகு, தம்மைப் படைத்தவனுக்கே சிரம் தாழ்த்துவதாகச் சொல்லிக் குனிந்தார். அவர் தந்த தங்கத்தால் எகிப்தின் பொருளாதாரமே நொறுங்கியதாக இன்று எழுதப்படுவது மிகை. அதுவரை 25 வெள்ளி திர்ஹமுக்குக் கீழே இறங்காத மித்கால், 22-க்கும் கீழே வந்து அங்கேயே நின்றது என்பதுதான் அல்-உமரியின் சொற்கள் தரும் அளவு. ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு வீழ்ச்சி. அக்காலத்து மம்லூக் நாணயச் சந்தையில் இத்தகைய ஏற்ற இறக்கம் அரிதன்று என்று வாதிடும் நாணயவியலாரும் உண்டு. திரும்பும் வழியில் கையிருப்புத் தீர்ந்து, கெய்ரோ வணிகரிடமே உயர்ந்த வட்டிக்கு மூசா கடன் வாங்கினார். உலகின் மிகப் பெரும் செல்வர் என்று இவரை இன்றைய பணத்தில் கணக்கிடும் பட்டியல்கள் இதைச் சொல்வதில்லை. தமக்கு முன் ஆண்ட மன்னர் கடலின் எல்லையைக் காண இரண்டாயிரம் படகுகளோடு மேற்கே சென்று திரும்பவில்லை என்று மூசா சொன்ன கதையும் அல்-உமரி வழியே கிடைப்பது. அப்படகுகள் அமெரிக்கக் கரையை அடைந்தன என்பதற்குச் சான்று இல்லை. மெக்காவில் சந்தித்து உடன் அழைத்துவந்த கிரானடாக் கவிஞர் அல்-சாஹிலி அரண்மனையில் குவிமாட மண்டபம் ஒன்று எழுப்பிப் பன்னிரண்டாயிரம் மித்கால் பெற்றார் என்பார் இப்னு கல்தூன். திம்புக்டுவின் ஜிங்கெரேபேர் பள்ளிவாசலும் அவர் கட்டியதாகவே கூறப்படும். சூடானிய மண் கட்டடக் கலை முழுவதையும் அவர் கணக்கில் வைப்பது, அங்கு நெடுங்காலமாக மண்ணில் கட்டிவந்தவர்களைக் கணக்கில் எடுக்காத முடிவு.

வாரியிறைத்தது மூசா என்றால், அதன் விளைவு அவருக்குப் பின் தெரிய வேண்டும். 1352-இல், மூசாவின் தம்பி மன்சா சுலைமான் ஆளும்போது வந்த இப்னு பதூதா காண்பதோ ஒழுங்கும் வளமும். மதுரைச் சுல்தானின் அவையையும் டெல்லியின் ஆடம்பரத்தையும் முன்பே கண்டவர் என்பதால் அவர் எளிதில் மயங்குபவர் அல்லர். கஞ்சன் என்று சுலைமானைத் திட்டவும் செய்கிறார். மன்னரின் அன்பளிப்பு வருகிறது, எழுந்திருங்கள் என்று ஆள் வந்து சொன்னபோது பட்டாடையும் பொன்னும் எதிர்பார்த்து எழுந்தவருக்கு வந்து சேர்ந்தவை மூன்று ரொட்டி, எண்ணெயில் பொரித்த ஒரு துண்டு மாட்டிறைச்சி, ஒரு சுரைக்குடுவை புளித்த தயிர். வாய்விட்டுச் சிரித்ததாக அவரே எழுதுகிறார். பிறகு மன்னரின் முன் சென்று, பிற நாட்டுச் சுல்தான்களிடம் உம்மைப் பற்றி நான் என்ன சொல்வது என்று கேட்டு வீடும் படியும் பெற்றார். மன்னர் பேசும்போது குடிமக்கள் மேலாடையைக் கழற்றித் தலையில் புழுதி தூவிக்கொண்டது, பறவை உடையும் மரத்தலையும் அணிந்து பாணர்கள் மன்னருக்கு முன்னோர் பெருமை சொன்னது, குர்ஆனை மனனம் செய்யாத பிள்ளைகளுக்கு விலங்கு பூட்டியது ஆகியவை அவர் நேரில் கண்ட காட்சிகள். முகம் சுளித்துக்கொண்டே எழுதியிருக்கிறார். அதனாலேயே நம்பகமாக இருக்கின்றன.

1360-இல் சுலைமான் இறந்ததும் உள்நாட்டுப் போர் மூண்டது. பின்வந்த இரண்டாம் மாரி ஜாட்டா, மாலியின் கருவூலப் பெருமையாக இருந்த பெரும் பொற்கட்டியை எகிப்திய வணிகருக்கு விற்றுத் தின்றான் என்றும் உறக்கநோயால் மாண்டான் என்றும் இப்னு கல்தூன் கூறுகிறார். இவன் அனுப்பிய ஒட்டகச்சிவிங்கியைப் பார்க்க மொராக்கோவின் ஃபெஸ் நகரமே திரண்டதாம். வாரிசுப் பூசலே வீழ்ச்சிக்குக் காரணம் என்று பலர் முடிவு கட்டுவது இந்தப் பக்கங்களை வைத்துத்தான். ஆனால் அதே ஆசிரியர் தரும் தொடக்ககால வரிசையைப் பார்க்க வேண்டும். சுண்டியாட்டாவுக்குப் பின் வந்த மன்னருள் கலீபா என்பவன் விளையாட்டாக மக்கள்மேல் அம்பெய்து அவர்களாலேயே கொல்லப்பட்டான். விடுவிக்கப்பட்ட அடிமையான சகூரா அரியணையைக் கவர்ந்தான். அரசு அவனிடம் குலையவில்லை, விரிந்தது. சுலைமானின் காலத்திலேயே பட்டத்தரசி மன்னருக்கு எதிராகச் சதி செய்ததை இப்னு பதூதா நேரில் அறிந்தார். பூசல் மாலிக்கு எப்போதும் இருந்த நோய். 1400-க்கு முன் அதிலிருந்து மீண்ட அரசு பின்னர் மீளாததற்கு வேறொரு காரணம் தேட வேண்டியிருக்கிறது.

அது வடக்கு வாயில்களின் இழப்பு. துவாரெக் மக்கள் 1433-ஐ ஒட்டித் திம்புக்டுவைக் கைக்கொண்டனர். காவோவை மையமாகக் கொண்டு எழுந்த சோங்காய் அரசின் சொன்னி அலி 1468-இல் அதை அவர்களிடமிருந்து பறித்தார். பிறகு நெடிய முற்றுகையால் ஜென்னே நகரையும் பிடித்தார். அத்துடன் உப்பு வந்திறங்கும் துறைகள் மாலியிடமிருந்து போயின. வாயில் போனபின்னும் ஒன்றரை நூற்றாண்டு மாலி எப்படி நீடித்தது என்று கேட்கலாம். 1455-56-இல் காம்பியா ஆற்றில் நுழைந்த வெனிசியர் கடமோஸ்தோ, கரைத் தலைவர்கள் மாலி மன்னரின் மேலாட்சியை ஏற்பதைக் கண்டார். வடக்குக் கை துண்டான காலத்திலேயே மேற்குக் கை உயிரோடு இருந்தது. அட்லாண்டிக் கரையில் புதிதாகத் திறந்த வணிகம் அதற்கு இரை போட்டது. 1482-இல் போர்ச்சுக்கீசியரின் எல்மினாக் கோட்டை எழுந்தபின் தென்கிழக்குத் தங்கம் நேரே கடலுக்குப் போகத் தொடங்கியது. போர்ச்சுக்கல் மன்னர்கள் மாலிக்குத் தூது அனுப்பினர். மன்சா கேட்ட படைத்துணை மட்டும் கிடைக்கவில்லை.

எஞ்சியவை சில வரிகளே. 1545-ஐ ஒட்டிச் சோங்காய்ப் படை தலைநகரைப் பிடித்து ஒரு வாரம் அரண்மனையைக் கழிப்பிடமாக்கியதாக அல்-சாதி குறிக்கிறார். 1591-இல் மொராக்கோப் படை சோங்காயை வீழ்த்தியதும் மன்சா மஹ்மூத் மீண்டும் தலைதூக்க முயன்றார். 1599-இல் அவர் தாக்கியது ஜென்னேயைத்தான். இழந்த வாயில் எது என்பதை அவர் மறக்கவில்லை. மொராக்கோத் துப்பாக்கிகள் அவர் படையைச் சிதறடித்தன. அதன்பின் நாடு அவர் புதல்வர்களிடையே பிரிந்தது என்பது வாய்மொழி மரபு. கெய்ட்டாக் குலம் கங்காபாவில் சிற்றரசாகத் தொடர்ந்தது.

1960-இல் விடுதலை பெற்ற பிரெஞ்சு சூடான் மாலி என்ற பெயரை எடுத்துக்கொண்டது. சுண்டியாட்டா வெற்றிக்குப் பின் குருகன் ஃபுகாவில் கூடி வகுத்ததாகச் சொல்லப்படும் சாசனம் 2009-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இன்று வழங்கும் வடிவம் 1998-இல் கங்கானில் பாணர்களைக் கூட்டித் தொகுக்கப்பட்டது என்பதால் அதன் பழமையை ஐயுறுவோர் உள்ளனர். தலைநகர் எனக் கருதப்பட்ட கினியாவின் நியானியில் 1960-களிலும் 1973-இலும் நடந்த அகழாய்வில் 14-ஆம் நூற்றாண்டின் அரசநகருக்கு உரிய தடயம் போதிய அளவு கிடைக்கவில்லை. மன்சாக்கள் ஒரே ஊரில் நிலைத்திருக்கவில்லை என்போர் ஒரு சாரார். நகர் மேலும் வடக்கே தேடப்பட வேண்டும் என்போர் மறு சாரார். இப்னு பதூதா எட்டு மாதம் தங்கிய அந்நகர் நைஜரின் எந்தக் கரையில் இருந்தது என்பதிலும் அவர்கள் உடன்படுவதில்லை.