ஆலைக் குளத்தில் வேலை செய்யும் நுண்ணுயிர்கள்

அம்பாங் பெச்சா என்ற மலாய்ப் பெயருக்கு உடைந்த அணை என்று பொருள். 1883-இல் கோலகுபுவில் அணை உடைந்து வெள்ளம் ஊரை அழித்தது. அந்த மலையடிவாரத்திலிருந்து இறங்கும் சிலாங்கூர் ஆறுதான் கோலசிலாங்கூரில் கடலைச் சேர்கிறது. மேலே ஆற்றில் விழுவது கீழே இருப்பவர் வாசலுக்கு வந்தே தீரும்.

இதே கோலசிலாங்கூர் வட்டாரத்தில், தென்னமரம் தோட்டத்தில், 1917-இல் ஹென்றி ஃபொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் செம்பனை நட்டார். நாட்டில் வாணிபத்துக்காக நடப்பட்ட முதல் செம்பனை அதுவே. தென்னையின் பெயர் கொண்ட தோட்டம் பனையால் புகழ் பெற்றது வேடிக்கைதான்! 1960-களுக்குப் பின் ரப்பர் இருந்த இடங்களிலும் செம்பனை பரவியது. ஆலைகள் பெருகின. ஒரு டன் எண்ணெய்க்குச் சுமார் இரண்டரை டன் கழிவுநீர் வெளியேறியது.

அந்தப் பழுப்பு நீரில் நஞ்சு கலப்பதில்லை. குலையை ஆவியில் வேகவைத்துப் பிழியும்போது தங்கும் எண்ணெய்ப் பிசுக்கும் நார்த்துகளும்தான் அதில் உள்ளன. பின் மீன் ஏன் செத்து மிதந்தது? ஆற்றிலுள்ள பாக்டீரியாக்கள் அந்தக் கழிவைத் தின்னும்போது நீரிலுள்ள பிராணவாயுவையும் தீர்த்துவிடுகின்றன. இந்தப் பிராணவாயுத் தேவை லிட்டருக்கு ஏறத்தாழ 25,000 மில்லிகிராம். வீட்டுச் சாக்கடை நீரைப்போல் நூறு மடங்கு!

1974-இல் சுற்றுச்சூழல் சட்டமும், 1977-இல் செம்பனை ஆலைகளுக்கான விதிகளும் வந்தன. 1978-இல் 5,000 மில்லிகிராம் வரை அனுமதித்த அரசு, படிப்படியாகக் குறைத்து 1984-இல் 100-க்குக் கொண்டு வந்தது. ஆலையும் மூடவில்லை, வேலையும் போகவில்லை. ஆனால் ஆற்று மீனை நம்பியிருந்தவர்கள் அத்தனை ஆண்டு பொறுக்க வேண்டியிருந்தது.

ஆற்றில் மீனைக் கொன்ற அதே வேலையைக் குளத்தில் செய்ய வைத்ததுதான் வழி. முதலில் ஆழக் குளம். அங்கே காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் கழிவைச் சிதைக்கின்றன. மேலே வரும் குமிழிகளில் எரியக்கூடிய மீத்தேன் உண்டு. அடுத்து ஆழம் குறைந்த குளங்கள். மிச்சத்தைக் காற்று வேண்டும் பாக்டீரியாக்கள் தின்கின்றன. பல வாரம் பிடிக்கும். அப்படியும் பழுப்பு நிறம் முழுதும் போவதில்லை.

நிறம் அவ்வளவு பிடிவாதமானது. தமிழ்நாட்டில் திருப்பூர்ச் சாயக் கழிவு நொய்யல் ஆற்றைக் கெடுத்த கதையும் அதுதான். சூடோமோனாஸ், பாசில்லஸ் போன்ற மண் பாக்டீரியாக்களில் சில, காற்றில்லாத நிலையில் சாயத்தின் பிணைப்பை உடைத்து நிறத்தைப் போக்குகின்றன. நிறம் போனதும் நீர் சுத்தமாகிவிட்டது என்று நினைக்கக் கூடாது; உடைந்த துண்டுகளில் சில சாயத்தைவிடக் கெடுதலானவை. அவற்றை அழிக்க, நம் ஆலைக் குளத்தைப் போலவே, காற்று வேண்டும் பாக்டீரியாக்கள் அடுத்து வரவேண்டும்.

சாயப் பட்டறை நீரில் உப்பும் ஏராளம். உப்பை எந்தப் பாக்டீரியாவும் தின்னாது. அதை வடிகட்டியும் காய்ச்சியும்தான் பிரிக்க வேண்டும். கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போகக்கூடாது என்ற நிபந்தனை நிறைவேறாததால், 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் அங்குள்ள சாயப் பட்டறைகளை மூட உத்தரவிட்டது.